பேண்டு இல்லாமலே நடந்துவிட்டது

ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து போன் வந்தது. பேசியவர் உடற்கல்வி ஆசிரியர் தினகரன். நல்ல மனிதர், வயதில் எனக்குப் பாதிகூட இருக்காது. தலைப்பையும் அவரே சொல்லிவிட்டார்: ‘பள்ளியில் இசையால் மாணவர்கள் அடையும் நன்மைகள்’.

“பாயிண்ட் பாயிண்டா இருந்தா நல்லாருக்குங்க மாஸ்டர். பத்துப் பாயிண்ட் போதும்.”

“பேண்டு ரூமைக் காலி பண்றாங்களாமே, அதையும் ஒரு பாயிண்டாப் போட்டுடலாமுங்களா?” என்று கேட்டேன்.

 “அது மேனேஜ்மென்ட் முடிவுங்க மாஸ்டர். நான் என்னங்க பண்ணட்டும்?” என்றார்.

அவர் ஒன்றும் பண்ண முடியாது, அது எனக்கும் தெரியும். பேண்டு அறையில் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு வரப்போகிறது. சுவரில் மாட்டப் பெரிய திரைகூட வாங்கியாகிவிட்டது. பேண்டுப் பயிற்சி நடந்த நேரத்தில் இனிமேல் பிள்ளைகள் மாதிரித் தேர்வு எழுதுவார்கள். பேண்டை நிறுத்துகிற பள்ளியே அதன் நன்மைகளை வழவழத் தாளில் கலரில் அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்பப் போகிறது. அதை எழுத நான் வேண்டுமாம்.

பத்துப் பாயிண்ட் எனக்குத் தெரியாது. நடந்த ஒன்று தெரியும். அதை எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது. அடங்கவில்லை என்றால் போடாமல் விடட்டும்.

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். சேலத்தில் மூட்டை தூக்கிய அப்பா செத்த பிறகு, ஊருக்கு வந்திருந்த சர்க்கஸோடு போனேன். யானைகளுக்குத் தண்ணீர் சுமந்தேன். பேண்டுக்காரர்களின் பித்தளை வாத்தியங்களைத் துலக்கினேன். துலக்கும்போது ஊதிப் பார்த்து உதை வாங்கினேன். அப்படித்தான் டிரம்பெட் வந்தது. சர்க்கஸ் கலைந்ததும் கல்யாண பேண்டு, அதுவும் இல்லாத மாதங்களில் லாரி கிளீனர், ஹோட்டல் அடுப்படி. எங்கேயும் ஒரு சொல் தப்பாக விழுந்தால் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறிவிடுவேன். அந்தப் பெட்டிக்கு நான் பூட்டே வாங்கியதில்லை. உள்ளே ஒரு டிரம்பெட்டும் இரண்டு சட்டையும்தான்.

ஏற்காட்டுக்கு ஒரு லாட்ஜில் பாத்திரம் கழுவ வந்தேன். சாயங்காலம் லாட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்ததைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளியின் பேண்டு மாஸ்டர் மலையிறங்கிப் போய்த் திரும்பவில்லை, விளையாட்டு விழா நெருங்கிவிட்டது. “விழா முடியற வரைக்கும் வந்து பாத்துக்கங்க” என்றார்கள். அந்த விழா முடிந்த பிறகு யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கும்படி உத்தரவும் தரவில்லை. அறுபது வயதில் மாலை போட்டு அனுப்பும்வரை அப்படியேதான் இருந்தேன். அதற்குப் பிறகும் சாயங்காலம் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தேன், பேண்டு அறைச் சாவியும் என்னிடமே இருந்தது.

மலையில் பேண்டு நடத்துவது கீழே நடத்துவதுபோல் இல்லை. கீழே முன்னால் போகிறவன் கோலைத் தூக்கினால் பின்னால் வருகிறவர்கள் பார்த்துத் திரும்புவார்கள். ஏற்காட்டில் ஆடி, ஆவணியில் மூடுபனி இறங்கினால் கோலும் தெரியாது, கோலைப் பிடித்தவனும் தெரியமாட்டான். நான் வந்த முதல் வருடம் முன்வரிசை கொடிக்கம்பத்துக்கும் பின்வரிசை கழிவறைக்கும் போய்ச் சேர்ந்தது. ஊரே சிரித்தது.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்தேன். கோல் அழகுக்கு மட்டும். பேண்டை நடத்துவது பெரிய டிரம். அது இடது காலுக்கு ஒரு அடி அடிக்கும். திரும்ப வேண்டிய இடத்தில் ஒட்டினாற்போல் இரண்டு அடி. நிற்பதற்கு மூன்று. பிள்ளைகளின் கழுத்து டையை அவிழ்த்து அதனாலேயே கண்ணைக் கட்டி மைதானத்தில் நடக்க விடுவேன். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்கக் கூடாது, பேசக் கூடாது, டிரம்மை மட்டும் கேட்க வேண்டும். முதல் வாரம் முட்டி மோதிச் சிரிப்பார்கள். இரண்டாம் வாரம் எரிச்சல்படுவார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். அவர்களுக்கே நம்பிக்கை வராது. கட்டு அவிழ்ந்த அந்த முகங்களை ஒரு பாயிண்டாக எப்படி எழுதுவது என்று தினகரன்தான் சொல்ல வேண்டும்.

பெரிய டிரம்முக்கு நான் ஆள் எடுப்பது சாமர்த்தியம் பார்த்து அல்ல. டிரம்பெட் பையன்கள் உற்சாகம் வந்தால் ஓடுவார்கள், மூச்சு முட்டினால் இழுப்பார்கள். இரண்டுக்கும் அசையாத ஆள் வேண்டும். அப்படி ஒருத்தி வந்தாள். பெயர் சித்ரா. கொட்டச்சேடு பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. விறகுக் கட்டு சுமந்த தோள், அதனால் டிரம்மின் கனம் அவளுக்குத் தெரியவில்லை. கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். வருகை எடுக்கும்போது அவள் குரல் கேட்காமல் ஆசிரியர்கள் இரண்டு முறை கூப்பிடுவார்கள். ஆனால் டிரம் கட்டையைக் கையில் எடுத்துவிட்டால், பித்தளை மொத்தமும் சேர்ந்து இழுத்தாலும் அவள் வேகம் மாறாது.

ஒருமுறை டிரம்பெட் பையன் ஒருவன், “ஏய் சித்ரா, வேகமா அடி புள்ள, தூங்கறியா?” என்று கத்தினான்.

“நீதான் ஓடற. மெதுவா வா, நான் இங்கதான் இருக்கேன்” என்றாள். அடியை நிறுத்தாமலே சொன்னாள். அவன் மெதுவாக வந்தான்.

அந்த டிரம்மைத் தோளில் மாட்டிய பிறகு அவள் வருகைக்குச் சத்தமாகப் பதில் சொல்கிறாள் என்று கணக்கு டீச்சர் ஸ்டெல்லா என்னிடம் வந்து சொன்னார். “என்னங்க மாஸ்டர் பண்ணீங்க? ஜன்னல் அதிருது” என்றார்.

அந்த நேரத்தில் புதுத் தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. உள்ளே போனால் எழுந்து நின்று உட்காரச் சொல்வார், என்னையும்கூட. மணியடித்து டீ வரவழைப்பார். கைக்குட்டையை நாலாக மடித்து மேசையில் வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைப்பார். நாம் பேசி முடிக்கும்வரை குறுக்கிட மாட்டார். முடித்ததும், நாம் சொன்னதை நம்மைவிட நன்றாகத் திருப்பிச் சொல்வார். அடடா, மனிதருக்குப் புரிந்துவிட்டது என்று மனம் குளிரும். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “பாப்போம்” என்பார். அதோடு அந்த விஷயம் செத்துப்போகும்.

சர்க்கஸ் மேனேஜர் என்னைச் சவுக்குக் கட்டையால் அடித்திருக்கிறார். கல்யாண பேண்டு முதலாளி என் பெட்டியை நடுத்தெருவில் எறிந்திருக்கிறார். அவர்களிடமிருந்து விலகிப் போக எனக்குத் தெரியும். டீ வாங்கித் தருகிறவரிடமிருந்து எப்படி விலகுவது?

அவர் ஒரு விதி கொண்டுவந்தார். எந்தப் பாடத்திலாவது தேர்ச்சி பெறாத பிள்ளை பேண்டில் இருக்கக் கூடாது. தேறிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோர் எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. காய்ச்சல் விட்ட பிறகு மாத்திரை தருகிறேன் என்பதுபோன்ற நியாயம் அது.

சித்ரா கணக்கில் தேறவில்லை. டிரம்மைக் கழற்றி அவளே அறையில் கொண்டுவந்து வைத்தாள். வாரை மடித்து உள்ளே சொருகினாள்.  அந்த வாரம் இரண்டு நாள் பள்ளிக்கு வந்தாள். பிறகு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கொட்டச்சேட்டுக்குப் போனேன். லைன் வீட்டு வாசலில் அவள் அம்மா களைக்கொத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“வாங்க மாஸ்டர். ஊட்டுக்குள்ள வாங்க, மழை வருது.”

“பாப்பா ஏனுங்க பள்ளிக்கூடம் வரலை?”

“வரச் சொல்லி அடிச்சும் பாத்துட்டனுங்க. எங்கூட களை வெட்ட வாரேங்கறா. ரைட்டரும் பேர் எழுதிக்கறேன்னுட்டாரு. அவ அங்க வந்துட்டிருந்ததே அந்த டிரம்முக்குத்தானுங்க.”

சித்ரா உள்ளே சுவரில் சாய்ந்து நின்றாள். “கண்ணு, கணக்குல தேறிட்டா மறுபடியும் டிரம்மு உனக்குத்தான்” என்றேன்.

“எனக்குக் கணக்கு நொம்ப வராதுங்க மாஸ்டர். டிரம்மு வரும். வாரதைப் புடுங்கிட்டு வராததை வெச்சுட்டு நான் அங்க என்னங்க பண்றது?”

 அவள் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்புவதா, களைக்கொத்தோடு போய்விடுவதா என்பது அந்த மழைக்காலத்துக்குள் முடிவாகிவிடும் என்று மட்டும் தெரிந்தது. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் கூலிப் பட்டியலில் பேர் எழுதிவிட்டால் பிறகு யாரும் திரும்புவதில்லை.

மறுநாள் தலைமையாசிரியரைப் பார்த்தேன். கைக்குட்டை, கண்ணாடி, டீ, எல்லாம் முறைப்படி நடந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். “அதாவது, படிப்பில் பின்தங்குற பிள்ளைக்குப் பள்ளியோட இருக்கற ஒரே பிடிப்பு பேண்டுதான், அதை நாம எடுக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. அப்படித்தானுங்களே மாஸ்டர்?” என்றார். அதைவிட அழகாக யாரும் சொல்லியிருக்க முடியாது. “ஆமாங்க சார்” என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பாப்போம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அந்தப் புள்ள இல்லாம சுதந்திர தினத்துக்குப் பேண்டை எறக்க முடியாதுங்க சார். பனியில நடத்த வேற ஆள் இல்லீங்க.”

அவர் கோபப்படுவார், நான் பெட்டியைத் தூக்குவேன் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். “பரவாயில்லைங்க மாஸ்டர். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? இந்த வருஷம் ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கலாம்.”

அப்படியே செய்தார்கள். சுதந்திர தினத்தன்று பேண்டுப் பிள்ளைகள் வாத்தியம் இல்லாமல் அவரவர் வகுப்பு வரிசையில் நின்றார்கள். எஸ்டேட் முதலாளி ஒருவர் சிறப்பு விருந்தினர். மேடைக்குப் பக்கத்தில் மைக் செட். வாசலிலிருந்து மைதானத்தைச் சுற்றிக் கொடிக்கம்பம்வரை அணிவகுப்பு. பாட்டு ஆரம்பித்தது, பிள்ளைகள் நடந்தார்கள். பாதி தூரம் வருவதற்குள் பனி இறங்கி வரிசையை மூடியது. அடுத்த நிமிடம் கரண்டு போனது.

மழைக்காலத்தில் இங்கே கரண்டு போவது அதிசயமில்லை. பாட்டு நின்றதும் மைதானமே செவிடானது போலிருந்தது. மேடையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வேறு பள்ளியாக இருந்தால் சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு கலைந்திருப்பார்கள்.

அப்போது கேட்டது. யாரோ இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைத்தார்கள். அடுத்த வரிசையில் இன்னொருவர். பிறகு ஏழெட்டு இடங்களில். பேண்டுப் பிள்ளைகள்தான். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். பெரிய டிரம் அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் கால் விழுந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் மொத்தப் பள்ளியும் பனிக்குள் ஒரே காலாக நடந்தது. திருப்பம் வரும் இடம். எங்கிருந்தோ ஒட்டினாற்போல் இரண்டு மிதி. வரிசை திரும்பியது. கொடிக்கம்பத்துக்கு அருகில் மூன்று மிதி. நின்றார்கள். பனி விலகியபோது ஒரு பிள்ளையும் கோடு தாண்டி நிற்கவில்லை.

சிறப்பு விருந்தினர் மைக் இல்லாமல் உரக்கப் பேசினார். “கரண்டு போயும் ஒரு பிள்ளை கலையலை. இதுக்குப் பேர்தான் ஒழுக்கம். தலைமையாசிரியரைப் பாராட்டறேன்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள். சால்வையோடு தலைமையாசிரியர் என்னிடம் வந்தார். என் தோளில் மெதுவாகக் கைவைத்தார்.

“பாத்தீங்களா மாஸ்டர்? பேண்டு இல்லாமலே நடந்துடுச்சுங்க.”

  அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, கிண்டலும் செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்த சாயங்காலங்கள் அந்தப் பிள்ளைகளின் காலுக்குள் போய்விட்டன என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வேர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக மரம் தானாக நிற்கிறது என்று சொன்னார். இன்றும் அதையேதான் சொல்கிறார்கள்.

அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டினேன். சேலம் பஸ் நின்றுகொண்டிருந்தது. பெட்டியை மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஊருக்குப் போக அதே பஸ்ஸில் ஏறிய ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பார்த்து நின்றார்.

“என்னங்க மாஸ்டர், சர்க்கஸ்காரர் கூடாரத்தைப் பிரிச்சாச்சுங்களா?”

“போதுமுங்க டீச்சர். எனக்கு இந்த ஊரும் வேண்டாம், அவரு டீயும் வேண்டாம்.”

“சரி, போங்க. அந்தப் புள்ள இனிமே பள்ளிக்கூடம் வராம இருக்க முதல்ல ஒரு காரணம் இருந்துச்சு. இப்ப ரெண்டாச்சு.”

கண்டக்டர் விசில் ஊதினார். கட்டிய பெட்டியை வாழ்க்கையில் முதல்முறையாக இறக்கினேன். டீச்சரும் இறங்கிவிட்டார். “இந்த லீவும் போச்சு உங்களால” என்று திட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் இருவரும் தலைமையாசிரியர் அறைக்குப் போனோம். டீச்சர் டீயைத் தொடவில்லை.

“அவ ஃபெயில் ஆனது என் சப்ஜெக்ட்லங்க சார். சாயங்காலம் தனியா உக்கார வெச்சு நான் சொல்லித் தரேன். ஆனா டிரம்மு அவகிட்ட இருக்கணும். டிரம்மை எடுத்துட்டா அவ வரமாட்டா. நான் யாருக்குங்க சொல்லித் தர்றது, காலி பெஞ்சுக்கா?”

அவர் அதையும் அழகாகத் திருப்பிச் சொன்னார். கண்ணாடியை மாட்டினார். “பாப்போமுங்க டீச்சர்.”

“எப்பங்க சார்? நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீங்க பாருங்க.”

உட்கார்ந்துவிட்டார். டீ ஆறி ஆடை கட்டியது. வகுப்பு மணி அடித்தது. டீச்சர் எழவில்லை. நானும் எழவில்லை. தலைமையாசிரியர் கைக்குட்டையை விரித்தார், மறுபடி மடித்தார். “சரிங்க, உங்க பொறுப்பு” என்றார் கடைசியில். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை அன்றுதான் பார்த்தேன்.

சித்ரா வந்தாள். டிரம்மின் வாரை இழுத்துப் பார்த்தாள். “யாருங்க மாஸ்டர் இதை லூஸ் பண்ணது?” என்றாள். அவ்வளவுதான்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் ஒன்றுதான் கேட்கிறார்கள்: பிறகு கணக்கில் நூறு வாங்கினாளா? வாங்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கை இரண்டாம் முறை எழுதித்தான் தேறினாள். கேட்டவர்கள் முகம் சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய முகம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது. ஒரு பிள்ளை எஸ்டேட்டுக் களைக்குப் போகாமல், கடைசி நாள்வரை சிரித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். அது போதாதா? இசை தன் கூலியை மார்க்காகத்தான் கொடுக்க வேண்டுமா? கணக்குப் பரீட்சையால் டிரம் நன்றாக வாசிக்க வருமா என்று யாராவது கேட்கிறார்களா?

போன மாதம் பெற்றோர் கூட்டம் நடந்தது. எனக்கு அழைப்பில்லை. தினகரன் சொல்லித்தான் போனேன், கடைசி வரிசையில் நின்றேன். தாளாளர் திரையில் படங்கள் காட்டினார். நம் பிள்ளைகளிடம் ஒழுக்கம் இருக்கிறது, கூட்டு மனப்பான்மை இருக்கிறது, இனிமேல் தேவை போட்டித் தேர்வு வெற்றி மட்டும் என்றார். “பேண்டுக்கு வாரத்துல இத்தனை நேரம் போகுது. அதனால பிள்ளைகளுக்கு என்ன பயன், சொல்லுங்க பாக்கலாம்?”

நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். லாட்ஜ் ஒன்றின் பெயர் பொறித்த சேலை. சித்ராதான். அங்கே அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு இப்போது அவள்தான் மேஸ்திரி. அவள் மகள் இதே பள்ளியில் ஆறாம் வகுப்பு, சைடு டிரம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் பார்த்தபோது, “இன்னும் மீசைக்கு மை போடறீங்களா மாஸ்டர்?” என்று கூட்டத்தில் வைத்துக் கேட்டவள். இப்போது சிரிக்கவில்லை.

“ஏனுங்க சார், நான் படிக்கறப்ப இதே பள்ளிக்கூடத்துல என்னைப் பேண்டுல இருந்து எடுத்தாங்க. எடுத்ததும் நான் வரலீங்க. திருப்பிக் குடுத்தாங்க, வந்தனுங்க. வேற பயன் எனக்குச் சொல்லத் தெரியலீங்க. எம்புள்ளைக்கும் படிப்பு கொஞ்சம் மெதுவாத்தான் வருது. அவ காலையில எந்திரிச்சு ஓடியாரது எதுக்குன்னு எனக்குத் தெரியும். அதை எடுத்துட்டு அவளை எப்படிங்க சார் எழுப்பறது?”

யாரோ சிரித்தார்கள். லைன் வீடுகளிலிருந்து வந்திருந்த பெண்கள் சிரிக்கவில்லை, ஒவ்வொருவராக எழுந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். தாளாளர் கையை உயர்த்தி அமர்த்தினார். “உங்க உணர்வு புரியுதுங்கம்மா” என்றார் மிக மென்மையாக. “பாப்போம்.”

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.

நேற்றுக் காலை அலுவலகப் பணியாளர் முருகேசன் என் வீட்டுக்கு வந்தார். பழைய ஆள், என்னோடு பல வருடம் வேலை பார்த்தவர். உட்கார மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க மாஸ்டர். பேண்டு ரூம் சாவி உங்ககிட்டயே தங்கிடுச்சாம். இன்னைக்கு டிரம்மையெல்லாம் குடோனுக்கு மாத்தணுமாம். வாங்கியாரச் சொன்னாங்க.”

நான் அவரை உட்கார வைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். “அதாவது, சாவி என்கிட்ட இருக்கு, அது பள்ளிக்கூடத்துச் சொத்து, உடனே திருப்பித் தரணும்னு சொல்றாங்க. அப்படித்தானுங்களே?”

“ஆமாங்க மாஸ்டர்.”

“பாப்போம்னு சொல்லிடுங்க” என்றேன்.

 முருகேசன் டீயை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுப் போனார். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.